கத்தியும் அதன் பிடியும்

(கீழ்பென்னாத்தூரில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஏரி, மதகு, விதை, உரம், சாலை, குடிநீர் என்று பேசிப் பழகிய இந்த மேடையிலே நாங்கள் கத்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதுவும் வெட்டரிவாளைப் பற்றி அன்று. மடியிலே செருகிக்கொள்ளும் சிறு கத்தியைப் பற்றி. இஃதென்ன, வேலையற்றவர் பொழுதுபோக்கு என்று யாரேனும் எண்ணினால் அவரை நாங்கள் குறை கூற மாட்டோம். பொழுதுபோக்காகத்தான் தொடங்கினோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தச்சு வேலை அறிந்த ஒருவர், உழுது பயிரிடும் இருவர், ஆக நால்வர் கூடி, இந்த வட்டாரத்து ஊர்களில் பழைய சிறு கத்திகளைக் கேட்டு வாங்கியும், கொடுக்க மனமில்லாதவர் வீட்டில் திண்ணையிலே அமர்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டும் வந்தோம். பார்க்கப் பார்க்க ஒன்று தெளிவாயிற்று. கத்தியின் அலகு கொல்லருடைய கைவண்ணம். அது எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும். பிடியோ அந்தந்த ஊரினுடையது. எந்த மரம் அந்த ஊரிலே விளைந்தது, எந்த மாடு அங்கே வளர்ந்தது, கத்தியை வைத்திருந்தவர் என்ன தொழில் செய்தார், வலக்கையரா இடக்கையரா என்பதையெல்லாம் பிடியே சொல்கிறது. அந்தப் பிடிதான் முதலில் அழிகிறது.

அழிவது எவ்வாறு என்பதை நீங்களே அறிவீர்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வருபவரிடம் தாத்தாவின் கத்தி போகிறது. அவர் அதை எடை போடுமுன் பிடியைக் கல்லிலே தட்டி உடைத்து எறிந்துவிட்டு இரும்பை மட்டும் மூட்டையில் போட்டுக்கொள்கிறார். அவருக்கு அது வாணிகம். மரத்துக்கு எடை கொடுக்க அவரால் இயலாது. ஆனால் நமக்குத் திரும்பக் கிடைக்காதது அந்தத் தெருவோரத்தில் கிடக்கும் துண்டுதான். இரும்பு உருகி வேறோர் இரும்பாகும். இரண்டு தலைமுறை உள்ளங்கை பட்டுத் தேய்ந்த புளிய மரத்துண்டு அடுப்புக்குப் போகும்.

இது புதிய கதையும் அன்று. திருநெல்வேலிச் சீமையிலே, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஆதிச்சநல்லூரில், 1876-ஆம் ஆண்டில் ஜாகோர் என்னும் ஜெர்மானியரும், அதன்பின் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பவரும் அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வாள்களும் குத்துவாள்களும் கத்திகளும் கிடைத்தன. ரீ எடுத்தவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. 3345 வரை பழமை உடையது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட நூல் கூறுகிறது. இத்தனை ஆயிரம் ஆண்டு கழிந்தும் துருவேறிய அலகு நிற்கிறது. அதைப் பிடித்த மரமோ பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிட்டது. அந்தக் காலத்துத் தமிழர் எந்த மரத்திலே பிடி போட்டனர் என்று கேட்டால், அலகின் வாலைப் பார்த்து ஊகிக்கலாமே தவிரக் கையிலே எடுத்துக் காட்ட இயலாது.

நமது பக்கத்திலேயும் சான்று உண்டு. செங்கம் வட்டாரத்து நடுகற்களை நீங்கள் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வேடியப்பன் என்று வழிபட்டு வருகிறீர்கள். அவற்றைத் தொகுத்து 1972-இல் தொல்லியல் துறை ஒரு நூலாகவே வெளியிட்டது. அக்கற்களில் நிற்கும் வீரர் பலருடைய இடையிலே குறுவாள் செருகப்பட்டிருக்கும். எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்தவனுக்கு எடுத்த கல் அது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் அதிலே பொறித்து வைத்தார்கள். எருமைக்காக உயிர் கொடுத்தவனையும் நாயையும் மறவாத ஊர்க்காரர் நாம். இடுப்புக் கத்தியை மட்டும் ஏன் மறக்க வேண்டும்?

இனி, எவ்வகைக் கத்திகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறோம். வெற்றிலைக் காம்பு கிள்ளவும் பாக்குச் சீவவும் சுருக்குப் பையிலே கிடந்த சிறு கத்தி. பென்சில் சீவும் பேனாக்கத்தி. நாவிதரின் மடக்குச் சவரக்கத்தி. கூடை முடைபவர் மூங்கில் சீவும் கத்தி. பனையேறுபவர் பாளை சீவும் அரிவாள். கடைசியாகச் சொன்னதும் மூங்கில் கத்தியும் மடியிலே அடங்கா. எனினும் பிடியை ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். மா, கொய்யா ஒட்டுக்கட்டுவோர் வைத்திருக்கும் ஒட்டுக்கத்தியையும் சேர்த்துக்கொண்டோம். அதன் ஒரு முனையில் பட்டையை நெம்புவதற்கென்று எலும்பாலோ பிளாஸ்டிக்காலோ ஒரு நாக்கு இருக்கும். இரும்பால் நெம்பினால் பட்டையின் உட்பசை காயப்படும் என்பதற்காகவே அந்த நாக்கு.

இவை எல்லாவற்றிலும் எங்கள் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. தமிழரின் பழைய மடக்குக்கத்தி எது என்று எவரேனும் கேட்டால் மடக்கெழுத்தாணி என்று தயங்காமல் சொல்லுவோம். காகிதம் பரவாத காலத்தில் ஓலையே ஏடு, ஆணியே எழுதுகோல். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் காலத்துப் பழக்கங்களைப் பற்றி எழுதியபோது குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்னும் வகைகளைக் குறித்திருக்கிறார். குண்டெழுத்தாணிக்குத் தலையிலே கனத்த குண்டு இருக்கும். வாரெழுத்தாணியை ஓலை உறையிலே செருகி வைப்பர். மடக்கெழுத்தாணி எல்லாவற்றினும் நுட்பமானது. நடுவே ஒரு பிடி. அதன் ஒரு முனையிலிருந்து எழுத்தாணி விரியும். மறுமுனையிலிருந்து ஓலையை வாரவும் நறுக்கவும் உரிய சிறு கத்தி விரியும். வேலை முடிந்ததும் இரண்டையும் பிடிக்குள்ளே மடக்கி மடியிலே செருகிக்கொள்ளலாம். கூரிய முனை உடம்பிலே படாது. பிடி பெரும்பாலும் மரம். வசதி உள்ளவர் தந்தத்தாலும் செய்துகொண்டனர்.

இதன் பிடி ஏன் கவனத்துக்குரியது? ஓலையில் எழுதுவோர் ஆணியை அழுத்திக்கொண்டே மணிக்கணக்கில் எழுத வேண்டும். இடக்கைக் கட்டைவிரல் நகத்திலே ஆணியைத் தாங்க வைத்து, ஓலையைத்தான் நகர்த்துவார்கள். பிடி கனமாக இருந்தால் கை ஓய்ந்துபோம். இலேசாக இருந்தால் எழுத்துப் பதியாது. ஆகவே பிடிக்கு மரத்தைத் தேர்ந்தவர் கையிலே தூக்கிப் பார்த்தே தேர்ந்திருக்க வேண்டும். இரண்டு அலகுகளையும் ஏற்கும் பிளவை மரத்திலே வெட்டி, அதன் குறுக்கே தறையாணி அறைந்து, மரம் பிளவாமல் இரு முனையிலும் பூண் இட்டனர். இந்த வேலையைச் செய்த கம்மியர் பெயர் எதுவும் நமக்குக் கிட்டவில்லை. பொருள் மட்டும் கிட்டியிருக்கிறது. கணக்கு, மணியம் பார்த்த பழைய குடும்பங்களிலே பரண் மேல் கிடக்கும் ஓலைச் சுவடிக் கட்டுக்குள் இது செருகப்பட்டிருப்பதுண்டு. அந்தப் பரம்பரைப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன; ஓலைக் கணக்கு அதற்கும் நெடுங்காலம் முன்னரே நின்றுபோயிற்று. உங்கள் ஊரிலே அத்தகைய வீடு இடிக்கப்படுகிறது என்றால் பரணைப் பார்க்காமல் விடாதீர்கள்.

பிற நாட்டுக் கத்திகளும் நம் ஊர்களில் உலவியிருக்கின்றன. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து ராட்ஜர்ஸ் கத்தி, நட்சத்திரமும் சிலுவையும் பொறித்தது, வெள்ளையர் ஆட்சியில் பெயர் பெற்றிருந்தது. அதன் பிடியைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். ஷெபீல்டுத் தொழிற்சாலைகளுக்கு நம் நாட்டுக் கடமான் கொம்பும் எருமைக் கொம்பும் கப்பல் கப்பலாகப் போயின. நமது காட்டிலும் கொட்டிலிலும் கிடந்த கொம்பு கடல் கடந்து போய்ப் பிடியாகி, விலையேறி நம்மிடமே திரும்பி வந்தது. இதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டுக்குள்ளேயே உத்தரப் பிரதேசத்து இராம்பூரின் மடக்குக்கத்தி, மலப்புறத்தின் மான்கொம்புப் பிடிக் கத்தி, குடகர் மணக்கோலத்தில் இடுப்பின் முன்புறம் அணியும் வெள்ளிப் பூணிட்ட பீச்சேகத்தி எனப் பெயர் பெற்றவை பல உண்டு. நம் மாநிலத்தில் திருப்பாச்சேத்தி அரிவாளை அறியாதார் இல்லை. அரிவாளுக்கு ஊர்ப்பெயர் நிலைத்தது. மடிக்கத்திக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

இப்போது பிடிகளுக்கு வருவோம். பிடி போடும் முறை இரண்டு. ஒன்று, அலகின் வாலை மரத்திலே துளையிட்டுச் செருகுவது. அரக்கை உருக்கிச் செங்கல் தூளோடு கலந்து துளையில் வார்த்து, வாலைச் சூடாக்கிச் செருகினால் ஆறியதும் கல்லாக இறுகிவிடும். முனையிலே பூண் இட வேண்டும். பித்தளைப் பூண் கிடைக்காத இடத்தில் செம்புக் கம்பியை நெருக்கிச் சுற்றியதையும், பழைய சைக்கிள் குழாயை அறுத்து மாட்டியதையும் கண்டோம். இரண்டாவது முறை, அலகின் வாலைப் பட்டையாக நீட்டி, இருபுறமும் இரு துண்டுகளை அணைத்துத் தறையாணி அறைவது. அரக்கு வெப்பத்தால் இளகும். சித்திரை வெயிலில் வரப்பின் மேல் வைத்துவிட்டுப் போன கத்தியின் பிடி கையோடு வருவது இதனாலேதான். மறுபடி சூடாக்கி அழுத்தினால் பழையபடி நிற்கும். கத்தியைக் குற்றஞ் சொல்ல வேண்டியதில்லை.

மரங்களிலே இந்த வட்டாரத்துக்கு முதல் மரியாதை கருவேலத்துக்குத்தான். கனமும் நாரும் அதிர்ச்சி தாங்கும் வலிவும் உடையது. வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் உதவியது மடிக்கத்திக்கும் உதவிற்று. ஆனால் சிறு பிடியாகச் செதுக்கினால் முரடாகவே நிற்கும். புளிய மரத்தின் வைரம் கறுத்து நெருங்கியது; அதிலே கடைந்த பிடி பல ஆண்டு கைபட்டால் எண்ணெய் பூசியது போல் மின்னும். இலந்தையும் உசிலையும் நல்லவை. வெட்பாலை வெண்மையானது, மென்மையாகக் கடைசலுக்கு இணங்குவது. கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் பொம்மை கடைவதும் இந்த மரத்தில்தான். பேனாக்கத்திக்கு அது பொருந்தும். வெட்டும் கத்திக்குப் பொருந்தாது. பனையின் வெளிவைரம் கறுப்பும் வெள்ளையுமாக ஓடும் நாரால் அழகு மிக்கது, ஆயினும் நார்வழியே பிளந்து சிராய் குத்தும். பனையேறிகள் அதை அறிந்து, நன்கு இழைத்து எண்ணெய் ஊட்டியே பயன்படுத்தினர். கருங்காலியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உலக்கைக்கும் பிடிக்கும் பெயர் பெற்ற மரம். இன்று அதற்குக் கழுத்து மாலையில் வந்திருக்கும் மதிப்பைப் பார்த்தால், பழைய உலக்கைகளை எல்லாம் மணியாக உருட்டிவிடுவார்களோ என்ற அச்சம் எங்களுக்கு உண்டு.

ஒரு பழக்கத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பிடி ஆடுகிறது என்றால் கத்தியையோ அரிவாளையோ இரவு முழுதும் தண்ணீர்த் தொட்டியிலே போட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. காலையிலே இறுகியிருக்கும், உண்மைதான். மரம் நீரை உறிஞ்சி ஊதியதால் வந்த இறுக்கம் அது. பூணுக்குள்ளே ஊத இடமின்றி நார்கள் தம்மைத் தாமே நசுக்கிக்கொள்ளும். உலர்ந்ததும் முன்னிலும் அதிகமாகச் சுருங்கி ஆடும். சில முறை இப்படிச் செய்தால் அந்தப் பிடி தீர்ந்தது. பச்சை மரத்திலே பிடி போடுவதால் வரும் கேடும் இத்தகையதே. துண்டு போட்ட மரத்தை நிழலிலே பல மாதம் உலர்த்திய பின்னரே பழைய தச்சர் பிடிக்குத் தொட்டார்கள். பிடி நழுவி விரல் வெட்டுண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும்; அவர்களுக்கு இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று.

இனிக் கொம்பு. மாடு, எருமை இவற்றின் கொம்பு நகத்தைப் போன்ற பொருள், உள்ளே குழல். கொதிக்கும் நீரிலோ அனலிலோ இளக்கித் தட்டையாக அழுத்தலாம். நுனி மட்டும் கெட்டி. அதனால் சிறு கத்திக்கு நுனியையே தேர்ந்தார்கள். எருமைக் கொம்பின் கறுப்பு, கையெண்ணெய் பட்டு வழவழப்பாகும். குறை என்னவென்றால் வறட்சியிலே ஏடு ஏடாகப் பிரியும், வண்டு அரிக்கும். மான் கொம்பு வேறு. அது எலும்பு, ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. மேலே சொரசொரப்பாக இருப்பதால் ஈரக் கையிலும் நழுவாது. வெட்டிப் பார்த்தால் நடுவே கடற்பஞ்சு போன்ற துளைகள் தெரியும். தந்தத்தின் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் மெல்லிய கோடுகள் வலைபோலத் தெரியும். எலும்பிலே அவ்வாறு இல்லை, கரும்புள்ளிகள் இருக்கும். கறுத்த பிடி கொம்பா பிளாஸ்டிக்கா என்று ஐயம் வந்தால், உட்புறத்திலே சிறிது சுரண்டி அந்தத் தூளைத் தீயில் காட்டுங்கள். மயிர் பொசுங்கும் நாற்றம் வந்தால் கொம்பு.

பித்தளைப் பிடி பார்வைக்கு அழகு. வெயிலில் சுடும், வியர்வையில் வழுக்கும். அதைப் பளபளப்பாக்கப் புளி போட்டுத் துலக்கித் துலக்கி மேலே வெட்டிய கொடியும் அன்னமும் மறைந்துபோன கத்திகள் பல. பிளாஸ்டிக்கை இகழ்ந்து பேசுவது எங்கள் நோக்கம் அன்று. பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பை உருக்கி வார்த்த பிடியும், சைக்கிள் டியூபைக் கீற்றாக அறுத்துச் சுற்றிய பிடியும் ஏழை உழவரின் அறிவுக்கு அடையாளம். ரப்பர் சுற்றிய பிடி சேற்றுக் கையிலும் நழுவுவதில்லை என்பதை அவர் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. கொம்பும் தந்தமும்தான் தொகுக்கத் தக்கவை, இவை குப்பை என்று எண்ணுபவரோடு நாங்கள் உடன்படவில்லை. ஊரின் கதை இவற்றிலே கூடுதலாக இருக்கிறது.

இரண்டு கத்திகளை ஒப்பிட்டது நினைவுக்கு வருகிறது. ஒரே கொல்லர் ஒரே இரும்பிலே அடித்த கத்திகள். அண்ணன் தம்பி இருவருக்கு. இன்று அண்ணன் கத்தியின் பிடியில் கட்டைவிரல் பட்ட இடம் வலப்புறம் பள்ளம். தம்பி கத்தியில் இடப்புறம். தம்பி இடக்கையர் என்று அவருடைய பேரன் சொன்ன பிறகு அதை அறிந்துகொள்ளவில்லை. அவர் சொல்லுமுன் கத்தி சொல்லிவிட்டது. அந்தப் பள்ளத்தைச் சீர்செய்து அரம் போட்டுத் தருவதாக ஒருவர் கூறினாராம். நல்ல வேளை, பேரன் இசையவில்லை.

தொகுப்பதிலே சட்டமும் உண்டு. இதை ஊராட்சி உறுப்பினர்கள் கவனமாகக் கேட்க வேண்டுகிறோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் கொம்பையும் தந்தத்தையும் வாங்குவதற்கும் விற்பதற்கும் இடம் கொடுப்பதில்லை. தந்த வாணிகம் 1986, 1991 ஆண்டுத் திருத்தங்களால் முற்றிலும் அடைக்கப்பட்டது. காட்டிலே தானாக உதிர்ந்த கொம்புதானே என்னும் வாதம் செல்லாது. பாட்டன் வைத்துப்போன மான்கொம்புப் பிடிக் கத்தி வீட்டிலே இருந்து, அதற்குச் சான்று இல்லையென்றால், வனச்சரக அலுவலகத்திலே தெரிவித்து அவர்கள் காட்டும் வழியில் நடப்பதே நல்லது. நல்ல விலை தருகிறேன் என்று வெளியூரிலிருந்து வருபவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னர் வழக்கிலே அலைவது உழவருக்கு ஆகாது. நூறாண்டு கடந்த கலைப்பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஏர் ஓட்டும்போதோ கிணறு வெட்டும்போதோ தாழியும் பழைய இரும்புக் கத்தியும் அகப்பட்டால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி வருவாய்த் துறைக்கு அறிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் போதும், அவர் மேலே தெரிவிப்பார். அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீண்டோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகன்றோ இருந்து, வீட்டுக்கோ வேளாண்மைக்கோ தொழிலுக்கோ உரியதல்லாத கத்தி படைக்கல விதிகளுக்குள் வரும். நாம் பேசும் மடிக்கத்தி அந்த அளவுக்கு வாராது. அரிவாள் வேளாண்மைக் கருவி.

ஊராட்சி செய்யக்கூடியது என்ன? பெரும் பணம் வேண்டியதில்லை. 2006 முதல் நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. பல ஊர்களில் அது பூட்டிக் கிடப்பதை நாம் அறிவோம். அதிலே பூட்டும் கண்ணாடியும் உள்ள ஓர் அலமாரி போதும். சிறுவர் கை எட்டாத உயரத்திலே, அலகை மடக்கியோ உறையிட்டோ வைக்க வேண்டும். கொடுப்பவர் கொடையாகக் கொடுக்கலாம். மனமில்லையேல் இரவலாகக் கொடுத்து, வேண்டும்போது திரும்பப் பெறலாம். அதற்கு ஊராட்சி ஒரு பதிவேடும் கையொப்பமும் வைத்துக்கொள்ள வேண்டும். இரவலாகத் தந்தவர் கேட்டால் மறுநாளே திருப்பித் தருவது என்பதை முதலிலேயே தீர்மானமாக எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது கத்தி வந்து சேராது.

கத்திகளைத் தேடி வீடு வீடாக அலைய வேண்டியதில்லை என்பது எங்கள் அனுபவம். ஆயுத பூசையன்று ஒவ்வொரு வீட்டிலும் பரணிலிருந்தும் பெட்டியிலிருந்தும் அவை தாமாகவே இறங்கி வந்து, சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு வரிசையாக அமர்ந்துவிடுகின்றன. அன்று மாலை ஊர் இளைஞர் இருவர் கையிலே கைபேசியும் குறிப்பேடுமாகச் சென்று படம் பிடித்து எழுதி வந்தால் ஒரே நாளிலே ஊர்க் கணக்கு கிடைத்துவிடும். அடுத்து வரும் கிராம சபைக் கூட்டத்திலே அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டலாம்.

குறிப்பிலே என்ன எழுத வேண்டும் என்பதே முக்கியம். கத்தியின் பெயர், அந்த வீட்டார் அதை எப்படி அழைக்கிறார்களோ அப்படியே, திருத்தாமல். அலகின் நீளம், பிடியின் நீளம். பிடி எந்தப் பொருள். மரமென்றால் எந்த மரம், எங்கே வெட்டியது. பிடி எத்தனை முறை மாற்றப்பட்டது. யார் அடித்தது, யார் பிடி போட்டது. எந்த வேலைக்கு, யார் கையிலே இருந்தது. பழுது இருந்தால் அதையும் குறிக்க வேண்டும். எங்கள் குறிப்புகளில் மிகுந்த பயன் தந்தது மரத்தைப் பற்றிக் கேட்ட கேள்வி. இந்த மரம் எங்கே வெட்டியது என்று கேட்டதும், கிழவர் எழுந்து நடந்து, கோயிலுக்குப் பின்னே இப்போது வீடு கட்டியிருக்கும் இடத்தைக் காட்டுவார். ஒரு தோப்பே அங்கே இருந்திருக்கும்.

பேணுவது எளிது. மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியால் தேய்த்து உலர விட வேண்டும். நல்லெண்ணெய் உலராமல் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். கொம்புக்கு வேப்பெண்ணெய் ஒரு துளி, வண்டு அண்டாது. அலகிலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. உப்புத்தாளும் வார்னிசும் வேண்டா. பழைய கத்தியைப் புதிதாக்க வேண்டும் என்னும் ஆசையைத்தான் முதலில் பூட்டி வைக்க வேண்டும்.

இந்த அலமாரியால் உயிரோடிருக்கும் கொல்லருக்கும் தச்சருக்கும் என்ன பயன் என்று ஒரு நண்பர் முன்பொரு கூட்டத்திலே கேட்டார். நியாயமான கேள்வி. பழைய பிடிகளை ஒப்பிட்டுப் பார்த்ததிலே எங்களோடு வந்த தச்சருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. ஏரியிலும் புறம்போக்கிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை விறகாகவும் கரியாகவும் மட்டுமே விற்கிறோம். அதன் வைரம் கனமானது, உலர்ந்தால் மிகக் குறைவாகவே சுருங்குவது. பிடி ஆடுவதற்குச் சுருக்கமே காரணம் என்று சற்று முன் சொன்னோமே, அந்தக் குறை இதிலே சிறிது. அவர் பருத்த அடிமரத்திலே துண்டு எடுத்து ஓராண்டு நிழலில் உலர்த்திக் களைக்கொத்துக்கும் கத்திக்கும் பிடி போட்டுத் தந்தார். இரண்டு மழைக்காலம் கடந்தும் அவை ஆடவில்லை. ஏரியைத் தூர்வாரும்போது வெட்டி ஏலம் விடும் சீமைக்கருவேலத்தில், பருத்த அடித்துண்டுகளைத் தனியே பிரித்து ஊர்த் தச்சருக்குக் கொடுக்க முடியுமா என்பதை உறுப்பினர்கள் விதிகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டுகிறோம்.

வலப்பக்கத்து மேசையிலே சில கத்திகளைப் பரப்பி வைத்திருக்கிறோம். அவற்றில் மான்கொம்பும் தந்தமும் இல்லை. கூட்டம் முடிந்ததும் கையிலே எடுத்துப் பார்க்கலாம். எடுத்துப் பார்த்தால்தான் பிடி விளங்கும். ஓரத்தில் உள்ள மடக்கெழுத்தாணியை விரிப்போர் ஆணிப் பக்கத்தை முதலில் விரியுங்கள். கத்திப் பக்கத்துத் தறையாணி தளர்ந்திருப்பதால் அலகு தானாக விழுந்துவிடுகிறது. உங்கள் வீட்டிலே இருக்கும் கத்தியைப் பற்றிச் சொல்ல விரும்புவோருக்காக அதே மேசையில் குறிப்புத் தாள்கள் இருக்கின்றன. எழுத இயலாதவர் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்ளுகிறோம்.